20 கோடி செலவு, 10.5 கோடி எல்லை: கால்பந்து கிளப்பின் கணக்கைப் படிப்பது எப்படி?

கேள்வி: நான் ஆதரிக்கும் பிரீமியர் லீக் கிளப் ஒரே கோடையில் 20 கோடி பவுண்டுக்கு வீரர்களை வாங்கியது. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்பதுதான் விதி என்கிறார்கள். பிறகு எப்படித் தண்டனை இல்லாமல் தப்பியது? அடுத்த கோடையில் எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதை வெளியிலிருந்து நானே கணக்கிட வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பைசா சுத்தமாக வராது, ஆனால் கிளப் நெருக்கடியில் இருக்கிறதா, தாராளமாக இருக்கிறதா என்பது நிச்சயம் தெரிந்துவிடும். அதற்கு முதலில், செய்தியில் வரும் டிரான்ஸ்ஃபர் தொகையைச் 'செலவு' என்று நினைக்கும் பழக்கத்தை விட வேண்டும். விதி பார்ப்பது அந்தத் தொகையை அல்ல. அது ஆண்டுக்கு ஆண்டு கணக்கேட்டில் எப்படி ஏறுகிறது என்பதைத்தான்.

ஒரு வீரரை 6 கோடி பவுண்டுக்கு, ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த 6 கோடி ஒரே ஆண்டில் செலவாகப் பதிவாவதில்லை. ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் சமமாகப் பிரிந்து, ஆண்டுக்கு 1.2 கோடியாக விழும். கணக்கர்கள் இதை அமார்டைசேஷன் என்பார்கள். நாம் தேய்மானம் என்றே சொல்வோம். ஏஜெண்ட் கட்டணம் 60 லட்சம் என்றால் அதுவும் விலையோடு சேர்ந்து, ஆண்டுக்கு 12 லட்சமாகத் தேயும். வாரச் சம்பளம் 1.2 லட்சம் என்றால் ஆண்டுக்கு 62.4 லட்சம். அதன்மேல் பிரிட்டனில் முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு 15 சதவீதம், அதாவது 9.36 லட்சம். எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2.04 கோடி. '6 கோடி வீரர்' என்று தலைப்பில் வருபவர் விதியின் கண்ணில் ஆண்டுக்கு 2 கோடி வீரர். பலர் தவறவிடுவது சம்பளத்தைத்தான். விலையே இல்லாமல், ஒப்பந்தம் முடிந்து வரும் 'ஃப்ரீ' வீரருக்கும் இந்தச் சம்பளச் செலவு அப்படியே நிற்கும். பெரும்பாலும் கூடுதலாகவே நிற்கும்.

விற்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். விற்பனை லாபம் ஐந்து ஆண்டுக்குப் பிரியாது. விற்ற அன்றே முழுதாக வரவாகும். லாபம் என்பது விற்ற விலையில் அன்றைய ஏட்டு மதிப்பை, அதாவது வாங்கிய விலையில் இன்னும் தேயாமல் மிச்சமிருப்பதை, கழித்தது. மேலே சொன்ன வீரரின் ஏட்டு மதிப்பு, ஏஜெண்ட் கட்டணத்தோடு, முதல் நாளில் 6.6 கோடி. இரண்டு ஆண்டு கழித்து 3.96 கோடி. அவரை 4.5 கோடிக்கு விற்றால், வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றதாக ரசிகர்கள் திட்டுவார்கள். கணக்கேட்டிலோ 54 லட்சம் லாபம். 3.5 கோடிக்கு விற்றால் 46 லட்சம் நஷ்டம் அன்றே ஏறும். நன்றாக ஆடாத வீரரைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடக் கிளப்புகள் தயங்குவதற்கும், வேறு கிளப்புக்கு இரவலாக, அதாவது லோனில், அனுப்பிக் காலத்தைக் கடத்துவதற்கும் இதுதான் காரணம்.

சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு டிரான்ஸ்ஃபர் விலையே கிடையாது, ஆகவே ஏட்டு மதிப்பு சுழியம். அவரை விற்றால் வரும் பணம் கிட்டத்தட்ட முழுதும் லாபம். இந்த விதிகளில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். சிறுவயதிலிருந்து வளர்த்த பையனை விற்பதுதான் கணக்குக்கு நல்லது என்ற நிலையை விதியே உண்டாக்குகிறது.

இப்போது உங்கள் கிளப்பின் 20 கோடியைப் பாருங்கள். எல்லாரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்திருந்தால் அந்த ஆண்டின் தேய்மானம் 4 கோடி. அதே கோடையில் ஓர் அகாடமி வீரரை 6 கோடிக்கு விற்றிருந்தால் வரவு 6 கோடி. புதியவர்களின் சம்பளம் 2 கோடி என்றாலும் அந்த ஆண்டு சரிக்குச் சரி. தப்பியது இப்படித்தான். ஆனால் அடுத்த ஆண்டு அந்த 6 கோடி வராது. 4 கோடி தேய்மானமும் 2 கோடி சம்பளமும் மட்டும் வரும். மூன்றாம் ஆண்டும் அப்படியே. ஒருமுறை வரும் லாபத்தை வைத்து ஐந்து ஆண்டுச் சுமையை வாங்கிய கிளப், ஒவ்வொரு ஜூனிலும் யாரையாவது விற்றாக வேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொள்ளும். உங்கள் கிளப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எவ்வளவு செலவழித்தது' அல்ல. 'அடுத்த ஆண்டு விற்க யார் இருக்கிறார்கள்' என்பதுதான்.

10.5 கோடியும் ஜூன் 30-உம்

நீங்கள் குறிப்பிட்ட எல்லை, 2013-14 முதல் 2025-26 சீசன் வரைக்குமான பிரீமியர் லீகின் லாப-நிலைத்தன்மை விதி, சுருக்கமாக பிஎஸ்ஆர். மூன்று ஆண்டுக்கு 10.5 கோடி பவுண்டு என்பது எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதல்ல. அடிப்படை அனுமதி 1.5 கோடி மட்டுமே. மீதி 9 கோடியை உரிமையாளர் பங்கு மூலதனமாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். கிளப்புக்குக் கடனாகக் கொடுத்தால் கணக்கில் சேராது. கீழ்நிலை சாம்பியன்ஷிப்பில் ஆடிய ஆண்டுக்கு 3.5 கோடிக்குப் பதில் 1.3 கோடிதான். அகாடமி, பெண்கள் அணி, சமூகப்பணி, அரங்கம் போன்ற கட்டுமானத்தின் தேய்மானம் ஆகியவற்றை நஷ்டத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

ஒரு நாள் தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட் சாட்சி. மூன்று ஆண்டில் இரண்டு சாம்பியன்ஷிப்பில் கழிந்ததால் அவர்களுடைய எல்லை 1.3, 1.3, 3.5 சேர்ந்து 6.1 கோடி. கணக்காண்டு 2023 ஜூன் 30-உடன் முடிந்தது. அகாடமியில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை டாட்டன்ஹாமுக்கு விற்றது செப்டம்பர் 1 அன்று, 4.75 கோடிக்கு. காத்திருந்ததால் நல்ல விலை கிடைத்தது என்று கிளப் வாதாடியது. ஆனால் அந்த லாபம் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய் விழுந்துவிட்டது; எல்லையைத் தாண்டிய தொகை 3.45 கோடி. 2024 மார்ச்சில் லீக் பட்டியலில் 4 புள்ளி போயிற்று. எவர்ட்டனுக்கு 1.95 கோடி தாண்டியதற்கு முதலில் 10 புள்ளி, மேல்முறையீட்டில் 6 ஆனது. அடுத்த காலகட்டத்துக்காக மேலும் 2. 2024 ஜூன் கடைசி நாட்களில் நியூகாசில் அவசரம் அவசரமாக எலியட் ஆண்டர்சனையும் யான்குபா மின்டேவையும் விற்றதன் பின்னணி இந்தத் தேதிதான். எல்லாருக்கும் அது ஜூன் 30 அல்ல என்பதையும் கவனியுங்கள். ஆர்சனல், லிவர்பூல் போன்றவர்கள் மே 31-இல் கணக்கை முடிப்பவர்கள்.

கணக்கறிக்கையில் எதைத் தேடுவது

பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் கிளப்பின் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். ஜூனில் முடிந்த ஆண்டின் அறிக்கை பெரும்பாலும் அடுத்த மார்ச்சுக்குள் வந்துவிடும். நியூயார்க் பங்குச்சந்தையில் இருக்கும் மான்செஸ்டர் யுனைடெட் மட்டும் காலாண்டுதோறும் வெளியிடும். கிளப் நடத்தும் நிறுவனம், அதன் தாய் நிறுவனம் எனப் பெரும்பாலும் இரண்டு அறிக்கைகள் இருக்கும். வருமானமும் சம்பளமும் முழுதாகத் தெரியும் அறிக்கை எதுவென்று பார்த்து, மூன்று ஆண்டுக்கும் அதையே எடுங்கள். இதையும் அதையும் கலந்தால் கணக்கு கெட்டுவிடும்.

லாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய லாப நஷ்டம், மொத்த வருமானம், சம்பளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்னால் இருக்கும் குறிப்புகளுக்குப் போங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது. 'புலனாகாச் சொத்துகள்' என்ற அட்டவணையில் வீரர்களை வாங்கிய மொத்த விலை, அந்த ஆண்டின் தேய்மானம், மிச்சமுள்ள ஏட்டு மதிப்பு எல்லாம் இருக்கும். மதிப்பிழப்பு என்ற வரி இருந்தால், ஒதுக்கப்பட்ட யாரோ ஒருவரின் ஏட்டு மதிப்பை ஒரேயடியாக வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த ஆண்டு வலி, அடுத்த ஆண்டுகளில் நிம்மதி. 'கணக்காண்டு முடிந்தபின் நடந்தவை' என்ற குறிப்பைத் தவறவே விடாதீர்கள். ஜூலைக்குப் பிறகு எவ்வளவுக்கு வாங்கினோம், விற்றோம் என்பதைக் கிளப்பே அங்கே சொல்லியிருக்கும். செய்தித்தாள் தொகைகளைவிட அது நம்பகமானது.

கழித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட அகாடமி, பெண்கள் அணிச் செலவுகள் தனி வரியாக வருவதில்லை. அதனால் ஒரு கிளப் எல்லைக்கு 1 கோடி அருகில் நிற்பதாக உங்கள் கணக்கு காட்டினால், 'மீறிவிட்டது' என்று அறிவித்துவிட வேண்டாம். எல்லையை வெகுவாகத் தாண்டி நின்றால் சந்தேகிக்கலாம்.

அடுத்த கோடைக்கு வேறு கணக்கு

2025 நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகள் வாக்களித்து, 2026-27 சீசனிலிருந்து பிஎஸ்ஆருக்குப் பதிலாக அணிச் செலவு விகிதத்தை ஏற்றுக்கொண்டன. வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ஆகியோரின் சம்பளம், தேய்மானம், ஏஜெண்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து, கால்பந்து வருமானமும் வீரர் விற்பனையின் நிகர லாபமும் சேர்ந்த தொகையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் தாண்டினால் பணம் கட்ட வேண்டும். வெகுவாகத் தாண்டினால் புள்ளி போகும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புக்கு, அவற்றை நடத்தும் யூஃபாவின் எல்லை இன்னும் இறுக்கம்: 2023-இல் 90, 2024-இல் 80, 2025 முதல் 70 சதவீதம். அங்கே விற்பனை லாபத்தை மூன்று ஆண்டுச் சராசரியாக எடுப்பார்கள். ஒரே ஒரு பெரிய விற்பனையால் தப்ப முடியாது.

உங்கள் கிளப்பின் வருமானம் 30 கோடி, விற்பனை லாபச் சராசரி 4 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 34 கோடி. பிரீமியர் லீக் எல்லை 28.9 கோடி, யூஃபா எல்லை 23.8 கோடி. அணிச் செலவு 26 கோடி என்றால் உள்நாட்டில் 2.9 கோடி இடம் இருக்கிறது. முதலில் பார்த்த 2.04 கோடி வீரர் ஒருவருக்கு இடம் உண்டு, இருவருக்கு இல்லை. அதே கிளப் ஐரோப்பாவுக்குத் தகுதி பெற்றுவிட்டால், யாரையும் வாங்காமலேயே 2.2 கோடி எல்லை தாண்டி நிற்கிறது. தகுதி பெற்ற கொண்டாட்டம் முடிவதற்குள் விற்பனைப் பேச்சு தொடங்குவது இதனால்தான்.

உரிமையாளர் எவ்வளவு பணக்காரர் என்பது இந்த விகிதத்தில் எங்குமே வராது. பழைய விதியில் சொத்தை விற்றுச் சமாளித்த வழியும் யூஃபாவிடம் செல்லவில்லை. செல்சி தன் இரண்டு ஹோட்டல்களைத் தன் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. பெண்கள் அணியையும் தாய் நிறுவனத்துக்கு விற்றது. பிரீமியர் லீக் விதியில் அதற்குத் தடை இருக்கவில்லை. யூஃபா அத்தகைய விற்பனையை வருமானமாக எடுத்துக்கொள்ளாது. 2025 ஜூலையில் செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

உங்கள் கணக்கு தவறக்கூடிய இடங்கள்

விலையை ஒப்பந்தக் காலத்தால் அப்படியே வகுக்காதீர்கள். 2023 ஜனவரியில் செல்சி என்சோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடிக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கியபோது ஆண்டுத் தேய்மானம் ஏறக்குறைய 1.26 கோடிதான், ஐந்தாண்டு என்றால் 2.14 கோடி ஆகியிருக்கும். அந்த வழியை 2023 ஜூலையில் யூஃபாவும் டிசம்பரில் பிரீமியர் லீகும் அடைத்தன. அதன்பின் வந்தவர்களுக்கு எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டாலும் விலையை ஐந்தால்தான் வகுக்க வேண்டும். பழையவர்களுக்குப் பழைய கணக்கே.

ஒப்பந்தத்தை நீட்டித்தால் தேய்மானம் மாறும். நம் வீரருக்கு இரண்டு ஆண்டு முடிந்ததும் புதிதாக ஐந்தாண்டு கொடுத்தால், மிச்சமுள்ள 3.96 கோடி ஐந்தாகப் பிரிந்து, ஆண்டுக்கு 1.32 கோடியிலிருந்து 79.2 லட்சமாக இறங்கும். சம்பளமும் கூடவே ஏறியிருக்கும் என்பதால் முழு மிச்சமும் கிடைக்காது. மேலும் இரண்டு ஆண்டு கழித்து ஏட்டு மதிப்பு 1.32 கோடியாக இருப்பதற்குப் பதில் 2.376 கோடியாக இருக்கும். விற்பது அந்த அளவுக்குக் கடினமாகும்.

'5 கோடி, கூடுதலாக 1.5 கோடி' என்று செய்தி வந்தால் அந்த 1.5 கோடியைத் தொடக்கத்திலேயே சேர்க்காதீர்கள். இத்தனை ஆட்டம் ஆடினால், கோப்பை வென்றால் என்ற நிபந்தனை நிறைவேறும் தறுவாயில்தான் அது விலையோடு சேரும். லோனில் வந்தவரைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்றும், அதற்கான நிபந்தனை நிறைவேறுவது ஏறத்தாழ உறுதி என்றும் இருந்தால், அதை முதல் நாளிலிருந்தே வாங்கியதாகக் கொள்ளுங்கள். விருப்பமிருந்தால் வாங்கலாம் என்பது அப்படி அல்ல. நீங்கள் விற்கும் வீரரை முன்பு உங்களுக்கு விற்ற கிளப் மறுவிற்பனைப் பங்கு வைத்திருந்தால், அதைக் கழித்த பிறகுதான் லாபம்.

இரண்டு கிளப்புகள் ஆள் மாற்றிக்கொண்டு இரு பக்கமும் பெரிய விலை போட்டால் கூர்ந்து பாருங்கள். இரண்டு பேருக்கும் அந்த ஆண்டு லாபம். இரண்டு பேருக்கும் அடுத்த ஐந்து ஆண்டு தேய்மானம். வீரர் விற்பனை லாபத்தைச் செயற்கையாக ஏற்றிக் காட்டிய வழக்கில் இத்தாலியின் யுவென்டஸ் 2022-23 சீசனில் முதலில் 15 புள்ளி இழந்தது; மறுவிசாரணைக்குப் பின் அது 10 புள்ளி ஆனது.

கடைசியாக, ரொக்கம். இந்த விதிகள் எதுவும் கிளப்பின் கையிருப்பைக் காட்டுவதில்லை. டிரான்ஸ்ஃபர் தொகை பெரும்பாலும் தவணையில் போகிறது. விகிதத்தில் 3 கோடி இடம் இருந்தாலும், பழைய வீரர்களுக்கான தவணை அடுத்த 12 மாதத்தில் 10 கோடி பாக்கி என்றால் கிளப் வாங்கத் தயங்கும். அறிக்கையில் 'கொடுக்க வேண்டியவை' என்ற குறிப்பில் டிரான்ஸ்ஃபர் பாக்கி, ஓராண்டுக்குள், ஓராண்டுக்குப் பின் என்று பிரித்துத் தரப்பட்டிருக்கும். 'வர வேண்டியவை'யில் அதே வரியைத் தேடி, இரண்டையும் கழித்துப் பாருங்கள். முதலில் விகிதத்தில் கிடைக்கும் இடம், அடுத்து இந்தப் பாக்கி போக மிஞ்சும் ரொக்கம். இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் கிளப்பின் உண்மையான கோடை.