மருமகனுக்கு அமெரிக்க வாடகை, உங்களுக்கு அடகுச் சீட்டா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 52. யாழ்ப்பாணத்தில் அச்சுவேலிப் பக்கம் 10 பரப்புச் (16 பரப்பு ஓர் ஏக்கர்) செம்பாட்டுத் தோட்டம் இருக்கிறது. மனைவியின் சீதனக் காணி. வெங்காயம், மிளகாய், கத்தரி செய்கிறோம். கொடிகாமத்தில் தாய்வழியாக வந்த 24 பரப்பு, பாதி பனை, பாதி வெறுந்தறை. அது எனக்கும் அக்காவுக்கும் பொது. அக்கா அமெரிக்காவில். அவவின் மகன் அங்கே வயலும் காடுமாக நிலம் வாங்கியிருக்கிறான். வயலில் ஒரு பகுதியைச் செய்யாமல் விட்டதற்கு அரசாங்கம் வருடா வருடம் வாடகை தருகிறதாம், காட்டைப் பராமரிக்கவும் காசு தருகிறதாம். இங்கே அப்படி ஏதும் உண்டா? தோட்டத்துக்குச் சொட்டு நீர்ப்பாசனம் போட 480,000 ரூபாய் கேட்கிறார்கள். பாதி மானியமாகத் திரும்பி வரும் என்று விற்பவர் சொல்கிறார். கையில் 200,000 இருக்கிறது. மிச்சத்துக்கு நகையை அடகு வைக்கவா, மர வியாபாரி கேட்கிற 40 பனையைக் கொடுக்கவா?

பதில்: நகையும் வேண்டாம், பனையும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் மருமகன் சொல்வது உண்மைதான். 1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் மேல்மண் புழுதியாகப் பறந்து போனது. 1935இல் அந்த நாடு மண் பாதுகாப்புக்கென்று தனிச் சேவையையே தொடங்கியது. 1985இல் வந்த திட்டமொன்றின்படி, அரிப்புக்கு ஆளாகும் பயிர்நிலத்தில் புல்லோ மரமோ வளரவிட்டால் 10 முதல் 15 வருட ஒப்பந்தத்துக்கு ஆண்டு வாடகை கிடைக்கும். காட்டுக்கு அவர் வாங்குவது வேறொரு திட்டத்தில் இருக்கலாம். நெருக்கமான மரங்களைக் கழிப்பது, படையெடுக்கும் களைகளை அழிப்பது, தீத்தடுப்புப் பாதை வெட்டுவது போன்ற வேலைகளின் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும். அவரைக் கேட்டுப் பாருங்கள்: முதலில் அதிகாரி வந்து பார்த்திருப்பார், திட்டம் எழுதியிருப்பார், ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கும். வேலை அதற்குப் பிறகுதான். ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் வாங்கிய காசைத் திருப்பிக் கட்ட வேண்டும். கிடைக்கிற வாடகைக்கு வருமான வரியும் உண்டு.

காணியைச் சும்மா விட்டதற்கு வாடகை தருகிற அந்த மாதிரித் திட்டத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். எதிர்பார்த்து விட்டுவைப்பது ஆபத்தும்கூட. போர்க்காலத்தில் ஆளில்லாமல் பற்றை மூடிய எத்தனையோ காணிகள் பிறகு வரைபடத்தில் காடாகிப் போனதையும், உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு சனங்கள் கந்தோர் கந்தோராக அலைந்ததையும் வடக்கில் எல்லாரும் கண்டோம். கொடிகாமக் காணியின் வேலியை வருடம் ஒருமுறை அடையுங்கள். எல்லைக் கல்லைச் சுற்றித் துப்புரவாக்குங்கள். இதற்கு யாரும் மானியம் தரமாட்டார்கள். ஆனால் உங்கள் செலவுப் பட்டியலில் இதுதான் முதல் வரி.

இனித் தோட்டம். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டத்தின் கவனமெல்லாம் பெரும்பாலும் மலைநாட்டுச் சரிவுகளில்தான். எங்கள் யாழ்ப்பாண மண் வழுகிப் போவதில்லை. எங்கள் இழப்பு கீழே, சுண்ணாம்புக் கல்லுக்குள் நடக்கிறது. போடுகிற யூரியா நைத்திரேற்றாக மாறி, மழையோடும் இறைப்போடும் செம்மண்ணைக் கடந்து நேரே கிணற்று நீருக்குப் போய்ச் சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உங்கள் அச்சுவேலி இருக்கிற வலிகாமத்தில் பல தோட்டக் கிணறுகள் அதைத் தாண்டியவை. கரையோரத்தில் அளவுக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறும். வைகாசி ஆனியில் உங்கள் வாய்க்கால் காய்ந்த பிறகு ஓரத்தில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். கரித்தால் உங்கள் காணியின் விலையே கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆகவே நீரை அளந்து விடுகிற எந்த முறைக்கும் நான் முழு ஆதரவு. விற்பவர் சொன்னார் என்பதற்காக இல்லை, அந்தக் கிணறு இல்லாமல் அந்தத் தோட்டத்துக்கு மதிப்பே இல்லை என்பதால்.

ஆனால் 10 பரப்பையும் ஒரேயடியாக மூடவேண்டாம். வெங்காயம் நெருக்கமாக நடுகிற பயிர். அதற்குச் சொட்டுக் குழாய் நிறையத் தேவைப்படும், கணக்கு உதைக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் பொருந்தும். இன்னொன்று, எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியில் தட்டையாய்ப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் சொட்டு விழும் சின்னத் துளையையும் அடைக்கும். வடிகட்டி இருக்கிறதா, குழாயைக் கழுவுவது எப்படி, எத்தனை போகத்துக்கு ஒருமுறை குழாய் மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். விலைமதிப்பில் அதெல்லாம் இல்லையென்றால் 480,000 முழுச் செலவு இல்லை.

இப்போது அடகு. உங்களுக்குக் குறைகிற தொகை 280,000. மாதம் 1.5 வீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மாதம் 4,200 வட்டி. மானியம் வர ஒரு வருடம் இழுபட்டால் 50,400. வரும் என்று சொல்லப்படுகிற 240,000இல் ஐந்தில் ஒன்றுக்கு மேல் அப்படியே போகும். வட்டியை விட என்னைப் பயமுறுத்துவது, கையிருப்பு 200,000மும் குழாயாக மண்ணுக்குள் போய்விடுவது. பிறகு விதை வெங்காயத்துக்கு எங்கே போவீர்கள்? உழவுக்கு, கூலிக்கு? மழை பிழைத்தால்? அடகு நகை ஏலத்துக்குப் போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட வருடங்களில்தான். மனைவியின் காணிக்காக மனைவியின் நகையைப் பணயம் வைக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

என் அண்ணை ஒருவருக்கு நடந்தது இது. மானியம் நிச்சயம் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் கொடுத்த அதே கிழமை குழாய் வாங்கிப் புதைத்துவிட்டார். அதிகாரி வந்தபோது வேலை முடிந்திருந்தது. "தொடங்க முதல் நான் பார்த்திருக்க வேணும் ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பற்றுச்சீட்டு இன்னும் அண்ணையின் லாச்சியில் கிடக்கிறது. அமெரிக்காவிலும் சரி, இங்கேயும் சரி, இந்த ஒழுங்கு மாறாது: எழுத்தில் அனுமதி, பிறகு வேலை, பிறகு பரிசோதனை, கடைசியில்தான் காசு.

ஆகவே மிளகாய் நிற்கிற 3 பரப்புக்கு மட்டும் தனியாக விலைமதிப்பு எடுங்கள். வடிகட்டியோடு 150,000க்குள் முடிந்தால் சேமிப்பிலிருந்து கொடுக்கலாம், 50,000 கையில் நிற்கும். அதற்கு முன் கமநல சேவை நிலையத்துக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் போய், இந்த வருடத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். ஒதுக்கீடு வருடத்துக்கு வருடம் மாறும்; விற்பவர் வாயால் சொல்வதை நம்பக்கூடாது. விண்ணப்பம் மனைவியின் பெயரில் போகட்டும். சீதனக் காணி, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி அவவுடையது. உறுதி ஒரு பெயரில், விண்ணப்பம் இன்னொரு பெயரில் இருந்து திரும்பிய கோவைகள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மானியம் வந்தால் அடுத்த துண்டுக்குப் போடுங்கள். வராவிட்டாலும் உங்களுக்கு இழப்பில்லை.

பனையைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது, மன்னியுங்கள். 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் பலா, ஈரப்பலாவோடு பெண் பனையும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் தறித்தால் வழக்கு வியாபாரிக்கு மட்டுமில்லை, காணிக்காரருக்கும்தான். அனுமதி கிடைத்தாலும் கணக்குச் சரிவராது. பனை காய்க்கப் பன்னிரண்டு பதினைந்து வருடமாவது வேண்டும். இன்று தறித்ததை நீங்கள் 64 வயதுக்கு முன் திரும்பக் காணமாட்டீர்கள். கூரை வளைகளுக்கும் சலாகைகளுக்கும் விலை பேசுகிறவர் மரத்துக்குத்தான் விலை சொல்கிறார். பனம்பாத்திக்கு, புழுக்கொடியலுக்கு, பனாட்டுக்கு, ஓலைக்கு அவர் விலை சொல்லவில்லை. விழுகிற பனங்கொட்டையைப் பொறுக்கி மழைக்கு முதல் ஒரு பாத்தி போட்டுப் பாருங்கள். முதலீடு உங்கள் கூலி மட்டும்தான்.

உங்களுக்கு உண்மையில் பொருந்துகிற அரச உதவி அந்த 12 பரப்பு வெறுந்தறையில்தான் இருக்கிறது. தெங்குப் பயிர்ச்செய்கைச் சபை புது நடுகைக்கும், உரிமட்டை புதைத்து ஈரம் காப்பது போன்ற மண் ஈரப் பாதுகாப்பு வேலைகளுக்கும் உதவி கொடுத்து வருகிறது. 2025 செப்டெம்பரில் வடக்குத் தெங்கு முக்கோணத் திட்டமும் புதுக்குடியிருப்பில் தொடங்கிவைக்கப்பட்டதால் இந்தப் பக்கத்தில் கவனம் கூடியிருக்கிறது. ஏக்கருக்கு 64 தென்னை என்பது வழமையான இடைவெளி. 16 பரப்பு ஓர் ஏக்கர் என்றால் 12 பரப்பில் 48 பிள்ளை நிற்கும், ஒரு பனையும் தறிக்காமல். ஆறேழு வருடத்தில் காய்க்கத் தொடங்கினால் 60 வயதில் உங்களுக்கு ஓய்வூதியம் மாதிரி. முதல் மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்தக் கூலியைக் கணக்கில் சேருங்கள், அதில்தான் பலர் விழுந்தார்கள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தக் காணி பிரிபடாத பங்கு. அக்காவின் சம்மதம் இல்லாமல் விண்ணப்பம் நகராது, நாளைக்குத் தேங்காய் யாருக்கு என்ற கேள்வியும் வரும். அமெரிக்காவிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி உங்களுக்கு அற்றோணித் தத்துவம் (அவவுக்காக நீங்கள் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பச் சொல்லுங்கள். நட்ட மரம் யார் செலவு, விளைச்சல் எப்படிப் பங்கு என்று ஒரு தாளில் இருவரும் கையெழுத்து வையுங்கள். கார்த்திகை மழைக்கு நடவேண்டுமென்றால் கடதாசி வேலைக்கே மாதங்கள் எடுக்கும். இந்த ஞாயிறு அக்கா வீட்டில் இருப்பா, கதையுங்கள்.