வீட்டு மில்லிங்கில் என்கோடர் டிஸ்க் வெட்டுவது: கேள்வி பதில்

சார், சுழற்சியை ஒளி சென்சாரால் எண்ணும் என்கோடருக்கு, ஓரத்தில் 100 ஸ்லாட் (பிளவு) வெட்டிய டிஸ்க் வேண்டும். வெளிவிட்டம் 60 மி.மீ. போதுமா?

விட்டத்தை முதலில் முடிவு செய்யாதீர்கள். கையில் இருக்கும் ஸ்லிட்டிங் சா (மெல்லிய வட்ட ரம்பம்) என்ன தடிமன் என்று பாருங்கள், விட்டம் அதிலிருந்து வரும். ஸ்லாட்டும் பல்லும் சம அகலமாக இருக்க வேண்டும். 1 மி.மீ. சா என்றால் ஒரு ஸ்லாட்டும் ஒரு பல்லும் சேர்ந்து 2 மி.மீ.; நூறுக்குச் சுற்றளவு 200, விட்டம் 63.7. இது ஸ்லாட்டின் நடுவே சென்சார் ஒளி படும் வட்டம். ஸ்லாட் 4 மி.மீ. ஆழம் என்றால் வெளிவிட்டம் 67.7. சா கொஞ்சம் ஆடினாலே 1.05 வெட்டும். அதனால் ஒரு கழிவுத் துண்டில் வெட்டி, ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து, அந்த அளவைக் கணக்கில் போடுங்கள். 1.05க்கு ஒளி வட்டம் 66.85 ஆகிவிடும்.

டிவைடிங் ஹெட் (சுற்றைச் சம பங்காகப் பிரிக்கும் கருவி) 40:1, அதாவது ஹேண்டில் 40 சுற்றுக்கு டிஸ்க் ஒரு சுற்று. கடைசி ஸ்லாட் முதல் ஸ்லாட்டோடு சேரவே இல்லை.

40ஐ 100ஆல் வகுத்தால் 2/5 சுற்று. தட்டின் 20 துளை வட்டத்தில் 8 இடைவெளி. ஹேண்டிலின் பின் (முள்) இப்போது நிற்கும் துளையை ‘ஒன்று’ என்று எண்ணியிருப்பீர்கள். அப்படி எண்ணினால் 7 இடைவெளிதான் நகரும், சுற்றுக்கு 114.3 ஸ்லாட் வரும், கடைசியில் ஒட்டாது. இடைவெளியைக் காட்டும் செக்டர் ஆர்ம் இரண்டுக்கும் நடுவே பின் நிற்கும் துளையோடு சேர்த்து 9 துளை தெரிய வேண்டும். ஹேண்டிலை ஒரே திசையில் மட்டும் சுற்றுங்கள். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் டிவைடிங் ஹெட்டின் ஸ்பிண்டிலை லாக் செய்யவும்.

துளைத் தட்டு இல்லை அண்ணா, 90:1 ரோட்டரி டேபிளில் ஸ்டெப்பர் மாட்டியிருக்கிறேன். 127 ஸ்லாட் முடியுமா?

முடியும். 200 ஸ்டெப் மோட்டார் என்றால் முழுச் சுற்றுக்கு 18,000 ஸ்டெப். 127ஆல் வகுத்தால் 141.73. இதை 142 என்று வைத்துத் திரும்பத் திரும்பக் கூட்டினால் சுற்று முடிவில் 34 ஸ்டெப் தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொரு ஸ்லாட்டின் இடத்தையும் பூஜ்யத்திலிருந்து கணக்கிட்டு முழு எண்ணாக்குங்கள். பிழை எப்போதும் அரை ஸ்டெப்புக்குள், அதாவது 0.01 டிகிரிக்குள் நிற்கும்.

1 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டும்போது பல் மடங்குகிறது, பிசிறும் அதிகம்.

தகட்டைத் தனியாகப் பிடிக்காதீர்கள். முன்னும் பின்னும் 3 மி.மீ. அலுமினியத் தட்டு வைத்து, நடுவில் மூன்று நான்கு டிஸ்க்கை அடுக்கி, ஒரே மாண்ட்ரலில் (தாங்கும் தண்டு) இறுக்குங்கள். வெளிவிட்டத்தையும் அதே அடுக்கிலேயே கடைந்துவிடலாம். பிசிறு ஓரத் தட்டுகளோடு போய்விடும். 63 மி.மீ. ஹெச்எஸ்எஸ் சாவுக்கு 300 ஆர்பிஎம், பிரஷால் மண்ணெண்ணெய் தடவியபடி வெட்டுங்கள். பித்தளையை எதுவும் தடவாமலே வெட்டலாம். சாவின் உயரம் மையத்திலிருந்து சற்று விலகினால் ஸ்லாட் எல்லாம் ஒரே மாதிரி சாயும், இடைவெளி கெடாது. அதற்காக ராத்திரி முழுக்க உட்கார வேண்டாம்.

ஸ்லாட் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கோணம் ஒரு பாதியில் கூடியும் மறு பாதியில் குறைந்தும் வருகிறது.

டிஸ்க் மையத்தில் இல்லை. பெரும்பாலானவர்கள் இண்டெக்ஸிங்கை (ஸ்லாட் பங்கீட்டை) பார்த்துக் கவலைப்படுகிறார்கள், பிழை வருவது இங்கேதான். டிஸ்க்கைச் சுற்றும்போது டயல் கேஜ் முள் மொத்தமாக 0.1 மி.மீ. ஆடினால் மைய விலகல் 0.05. 31.85 ஆரத்தில் அது ±0.09 டிகிரி. 100 ஸ்லாட்டுக்கு இரண்டு சென்சார் வைத்தால் ஒரு ஸ்லாட்டுக்கு நான்கு கவுண்ட், எனவே ஒரு கவுண்ட் 0.9 டிகிரி, ஆக பத்தில் ஒரு பங்கு அதிலேயே போகிறது. டேபிளின் வார்ம் கியர் ஒரு கோண நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒன்று) பிழை செய்தாலும் அது 0.017 டிகிரிதான்.

காரணம் பல நேரம் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு). அது டிஸ்க்கைத் தண்டில் பிடிக்கும் ஹப்பை ஒரு பக்கம் தள்ளிவிடும். பிளவு போட்டு இறுக்கும் கிளாம்ப் ஹப் செய்யுங்கள். டிஸ்க் உட்காரும் படியை, ஹப்பின் நடுத் துளையைப் போட்ட அதே செட்டிங்கில் கடையுங்கள்.

திசையும் அறிய ஏ, பி என்று இரண்டு சென்சார் வைக்கிறேன். எங்கே வைப்பது?

100 ஸ்லாட்டுக்குப் பிட்ச் (ஒரு ஸ்லாட்டும் ஒரு பல்லும்) 3.6 டிகிரி, கால் பிட்ச் 0.9. முழுப் பிட்சுகளோடு ஒரு கால் சேர்த்தால் போதும்: 5 பிட்ச் என்றால் 18.9 டிகிரி, நேர்த்தூரம் 10.5 மி.மீ. எதிரெதிரே வைக்காதீர்கள். மேலே சொன்ன 0.05 விலகலுக்கு எதிரெதிரே இருந்தால் ஏ-பி சிக்னல்களின் இடையிலான 90 டிகிரி கட்ட வித்தியாசம் (ஒரு பிட்ச் 360 டிகிரி என்ற கணக்கில்) 18 டிகிரி வரை ஆடும், பக்கத்தில் இருந்தால் 3தான். ஒரு சென்சாரின் திருகுத் துளையை நீளத் துளையாக்கி, ஆஸிலோஸ்கோப் பார்த்து நகர்த்துங்கள்.

ஹெச்21ஏ1 மாதிரி சென்சாரின் ஒளித்துளையே 1 மி.மீ. அகலம். உங்கள் ஸ்லாட்டும் அதே அகலம், அதனால் அலை முக்கோணமாக வரும். சவர பிளேடை உடைத்து, இரண்டு விளிம்புக்கும் நடுவில் 0.3 ஃபீலர் கேஜ் வைத்து, ரிசீவர் முகத்தில் ஒட்டுங்கள். வெளிச்சம் குறையும், எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் வரை கொடுங்கள்.

3000 ஆர்பிஎம்மில் கவுண்ட் விடுபடுகிறது.

100 ஸ்லாட்டுக்கு அது 5 கிலோஹெர்ட்ஸ், அரை அலை 100 மைக்ரோ செகண்ட். சென்சாரில் இருக்கும் சாதாரண போட்டோ டிரான்சிஸ்டர் அணையவே ஐம்பது மைக்ரோ செகண்ட் எடுக்கும். லோடு ரெசிஸ்டரைக் குறைத்து, பின்னால் 74ஹெச்சி14 (அலையைக் கூர்மையாக்கும் ஷ்மிட் டிரிகர் ஐசி) போடுங்கள். இல்லையென்றால் ஷ்மிட் டிரிகர் உள்ளேயே இருக்கும் லாஜிக் அவுட்புட் சென்சார் வாங்குங்கள்.

500 ஸ்லாட்டை இங்க்ஜெட்டில் டிரான்ஸ்பரன்சியில் அடிக்கலாமா சார்?

வேண்டாம். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் டை இங்க் பெரும்பாலும் சென்சாரின் இன்ஃப்ராரெட் ஒளியைக் கடந்துபோக விட்டுவிடும். அச்சகத்தில் 2540 டிபிஐ ஃபிலிம் எடுங்கள், புள்ளி 0.01 மி.மீ. 64 மி.மீ. விட்டத்தில் கோடு 0.2தான், எனவே ரிசீவர் முன்னால் அதே பிட்சில் மாஸ்க் ஃபிலிமும் வேண்டும்.