மணலையும் களியையும் வைத்து அந்தக் காலத்துக் கடலை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: “பாறையை உடைத்துப் பார்த்துவிட்டு, இங்கே கடல் இருந்தது, இங்கே ஆறு ஓடியது என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்களே, எதை வைத்து?”

நிலவியல் படித்தவன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. முதலில் பார்ப்பது துகளின் அளவை. வேகமாக ஓடும் நீர் கூழாங்கல்லையே உருட்டிக்கொண்டு போகும். வேகம் குறையக் குறைய கல், பரல், மணல் என்று வரிசையாகக் கீழே தங்கும். களி படிய வேண்டுமென்றால் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். 1922இல் அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வொர்த் வகுத்த அளவுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்: 2 மி.மீ. முதல் 1/16 மி.மீ. வரை மணல், 1/256 மி.மீ.க்குக் கீழே களி, நடுவில் வண்டல். வண்டலா களியா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. களத்தில் துளியூண்டு எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்போம். நறநறத்தால் வண்டல், வழுவழுவென்று போனால் களி.

ஆனால் அளவு சொல்வது வேகத்தை மட்டும்தான், இடத்தை அல்ல. களி ஏரியிலும் படியும், ஆழ்கடலிலும் படியும். அதனால் துகள்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, கலந்து கிடக்கின்றனவா, முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று முறத்தில் புடைப்பது போலப் பிரித்துவிடும்: தூசியைத் தூக்கிப் போய்விடும், பரலை விட்டுவிடும். அதனால்தான் மணல்மேட்டு மணல் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கிறது. ஒன்றோடொன்று மோதித் தேய்ந்த அந்தக் குவார்ட்ஸ் துகள்களை லென்ஸில் பார்த்தால் பளபளப்புப் போய் மங்கலாகத் தெரியும்.

பனிப்பாறை எதையும் பிரிக்காது. ஒடிசாவின் தால்ச்சேரில் மென்மையான களிக்குள் பெரிய பெரிய பாறாங்கற்கள் புதைந்து கிடக்கின்றன. களி படியும் அளவுக்கு அடங்கிய நீர் அந்தக் கல்லை அசைக்கக்கூட முடியாது. அப்படியானால் அதைக் கொண்டுவந்தது யார்? வெயில் கொளுத்தும் அந்த ஊரில், ‘பனிக்கட்டிதான்’ என்று 1856இலேயே நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் எழுதினார்கள். இந்த வகைப் பாறைகளில் உள்ள கற்களின் மேல் கீறல்களும் தேய்ந்து தட்டையான முகங்களும் பிற்பாடு தென்பட்டன. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனிக்காலம் அது. என்னைப் பொறுத்தவரை இந்தியக் களப்பணியின் மிகத் துணிச்சலான முடிவுகளில் ஒன்று.

அந்தச் சகோதரர்களில் இளையவரான ஹென்றிதான் பிறகு நம் அரியலூர்ப் பகுதியின் பாறைகளையும் வகைப்படுத்தினார். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்ற ஊரில் வரிவரியாக அரித்துக் கிடக்கும் களி, அலையின் அசைவு எட்டாத அமைதியான கடலடியில் படிந்தது. அது கடல் என்று அடித்துச் சொல்ல அளவு போதாது. கூடவே கிடக்கும் அம்மோனைட், பெலம்னைட் என்ற, அழிந்துபோன கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள்தான் சாட்சி. அதற்கு மேலே கருடமங்கலம் மணற்கல் வருகிறது: மணலும் பரலும் சிப்பி ஓடுகளும். கடல் ஆழம் குறைந்து கரை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரமும் இந்தத் தொகுதியைச் சேர்ந்ததுதான். நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட மரம், கரையோரக் கடலில் புதைந்தது.

சல்லடையில் சலித்து, வரைபடம் போட்டு, ‘இது ஆற்று மணல்’ என்று முடித்துவிடும் ஆய்வுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மணல்மேட்டை அரித்துக்கொண்டு ஓடும் ஆற்றின் படுகையில், காற்று தேய்த்த துகள்தானே கிடக்கும்?