அரம் போட்டும் வெட்டு வலது பக்கம் வளையுது – என் அனுபவம்

சகோ, சீமைக்கருவேலம் வெட்டுறப்ப செயின்சா (மரம் அறுக்குற மெஷின்) வலது பக்கமா இழுத்துட்டு போகுது, தூளும் மாவு மாதிரி வருதுன்னு கேட்டிருந்தீங்கல்ல, எனக்கும் இதே கதைதான் நடந்துச்சு. இடது பக்கப் பல்லுங்க மழுங்கியோ குட்டையாவோ இருக்கும், அதான் காரணம். வலது கைக்காரங்களுக்கு ஒரு பக்கம் அரம் நல்லா உக்காரும், இன்னொரு பக்கம் கை வராம நாலு தேய்ப்புல விட்ருவோம்.

முதல்ல எஞ்சின ஆஃப் பண்ணி பிளக் கேப்ப கழட்டிருங்க, கையுறை போட்டுக்கங்க, சோம்பேறித்தனம் வேணாம். வெர்னியர் (நீளம் அளக்குற கருவி) வச்சு இருக்குறதுலயே குட்டைப் பல்ல கண்டுபிடிச்சு அதுக்கு மார்க்கர்ல ஒரு புள்ளி வைங்க, மத்த எல்லாத்தையும் அந்த நீளத்துக்கு கொண்டு வாங்க. அரத்த பல்லோட உள்பக்கத்துல இருந்து வெளிய மட்டும் தள்ளணும், திரும்பி இழுக்குறப்ப அரத்த தூக்கிரணும். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி. செயின் அளவு (பிட்ச், அங்குலத்துல) 3/8 லோ புரொஃபைல்னா 4 மிமீ ரவுண்ட் அரம், .325ன்னா 4.8 மிமீ.

பல்லுக்கு முன்னாடி இருக்குற குட்டி மேட்ட மூணு நாலு தடவை அரம் போட்டதுக்கு ஒருக்கா கேஜ் (ஆழம் பாக்குற அளவுத் தகடு) வச்சு தட்டை அரத்துல சமம் பண்ணுங்க, பெரும்பாலான செயினுக்கு பல்லு நுனிய விட 0.65 மிமீ இறக்கம் போதும், ரொம்ப இறக்குனா மெஷின் முகத்துக்கு எகிறும்.

அப்பவும் வளைஞ்சா பாரோட (செயின் சுத்தி ஓடுற நீளத் தகடு) ரெண்டு விளிம்பும் சமமா தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் தூர்ல மண்ணு ஒட்டியிருக்கும், தட்டிட்டு வெட்டுங்க, ஒரு தடவ மண்ணுல பட்டாலே பல்லு கூர் போச்சு.