படிவத்தில் "இல்லை" என்று போட்டுவிடாதே, தம்பி

கோவையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் ஃபவுண்டரிக்கு ஃபெட்லிங் வேலைக்கு, அதாவது வார்ப்பில் ஒட்டிய பிசிறை மெஷினால் நீக்கும் வேலைக்கு, வரப்போகிறாய். வாடகை, சாப்பாடு, மெடிக்கல் என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். வாடகையை வந்து பார்த்துக்கொள். இந்தியர்கள் அதிகம் இருக்கும் லெனேசியாவில் புளி, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். மூன்றாவதுதான் விஷயம்: மெடிக்கல் படிவத்தில் 'விரல் வெளுக்கிறதா' என்றால் என்ன எழுதுவது? அதிரும் மெஷினைப் பிடித்துப் பிடித்து விரல் வெளுத்து மரத்துப்போகும் நோயைத்தான் கேட்கிறார்கள்.

உள்ளதை எழுது. வேலை போய்விடும் என்று நம்மவர்கள் எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று டிக் அடிக்கிறார்கள், பெரிய சாமர்த்தியம் மாதிரி. இங்குள்ள தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் இந்த அதிர்வு நோயும் இருக்கிறது, வெளிநாட்டான் என்று விலக்கும் இல்லை. ஆனால் வருஷா வருஷம் நீயே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்த தாள் ஃபைலில் இருந்தால் எதை வைத்து வாதாடுவாய்?

கவனிக்க வேண்டியது இது. மெஷினைக் கீழே வைத்து 20 நிமிஷத்துக்கு மேலும் விறுவிறுப்பு நிற்கிறதா? ராத்திரி மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? சட்டைப் பொத்தான் மாட்டத் தடுமாறுகிறதா? அதிரும் மெஷினைச் சீக்கிரம் விட்டுவிட்டால் வெளுப்பு குறையலாம். மரப்பு அப்படியில்லை, பெரும்பாலும் தங்கிவிடும்.

இன்னொன்று, நம் தோலில் வெளுப்பு காகிதம் மாதிரி தெரியாது. விரல் நுனி சாம்பல் பூத்தாற்போல, எல்லைக்கோடு போட்டதுபோல் நிற்கும். கொஞ்ச நேரத்தில் போய்விடும், டாக்டர் பார்க்கும்போது இருக்காது. வந்த நிமிஷமே இரண்டு கையையும் போனில் படம் எடு. வேலைக்குச் சேரும்போது செய்யும் முதல் பரிசோதனையின் நகலையும் கேட்டு வாங்கி வை.

நேரக் கணக்கும் சரியாகச் சொல். 'எட்டு மணி நேரம்' என்று ஷிஃப்டைச் சொல்லாதே, விரல் ட்ரிகரில் இருந்த நேரம்தான் கணக்கு. பிரிட்டன்காரன் முறையில் நாளுக்கு 100 புள்ளி தாண்டினால் நடவடிக்கை, 400 உச்சவரம்பு. அதிர்வு அளவு (m/s² கணக்கில்) 5 உள்ள கிரைண்டருக்கு மணிக்கு 50 புள்ளி, 10 உள்ள சிப்பிங் சுத்திக்கு, அதாவது உளி பொருத்திய மெஷின் சுத்திக்கு, 200. அதிர்வு இரட்டித்தால் புள்ளி நாலு மடங்கு. அந்தச் சுத்தியில் அரை மணியிலேயே நூறு வந்துவிடும்.

அதிர்வு கையுறை போட்டால் போதும் என்பவன் பேச்சை நம்பாதே. அது கையைச் சூடாக வைக்கும், அவ்வளவுதான். மழுங்கிய உளி, பேலன்ஸ் இல்லாத வீல், இறுக்கிப் பிடிப்பது, இவைதான் கையைக் கெடுப்பவை. பீடி, சிகரெட்டும் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். எங்களுக்கு இதெல்லாம் சொல்ல ஆளில்லை, தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம்.

ஜூனில் வருவதானால் ஸ்வெட்டரோடு வா. இங்கே அப்போது விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி.