இருபதாம் தேதியோடு சம்பளம் தீர்ந்துவிடுகிறதா? எதை முதலில் தொட வேண்டும்

கேள்வி: பாலக்கோடு பக்கம் சொந்த வீடு. நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு ஓசூர் கம்பெனியில் வேலை, மாதம் 26,000 ரூபாய் வருகிறது. மார்கழியில் எடுத்த கரண்ட் ரீடிங் 530 யூனிட். நகை இரண்டு சீட்டாக 60,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது, இரண்டு ரூபாய் வட்டி. மளிகை, கேன் தண்ணீர் என்று போய் இருபதாம் தேதிக்கு மேல் கையில் எதுவும் நிற்பதில்லை. ஓட்டல், சினிமா எல்லாம் எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா? வேறு எதைக் குறைப்பது?

பதில்: பிள்ளைகளின் பிஸ்கட்டையும் மாமியாரின் வெற்றிலையையும் விட்டுவிடுங்கள். அவற்றை நிறுத்தினால் மாதம் இருநூறு ரூபாய் மிஞ்சும், வீட்டில் சண்டைதான் வளரும். உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை அடகு வட்டி.

நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்று கேட்கும்போது சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு அது 24 சதவீதம். 60,000 ரூபாய்க்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரூபாய். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் பெரும்பாலும் ஒரு ரூபாய் வட்டிக்குள் அடங்கிவிடும். மாற்றினாலே மாதம் 600 ரூபாய் மிஞ்சும்.

"மீட்கப் பணம் இருந்தால் ஏன் அடகு வைக்கிறேன்" என்று கேட்பீர்கள். இரண்டு சீட்டாக வைத்திருப்பது இங்கேதான் உதவுகிறது. சின்னச் சீட்டை மட்டும் முதலில் மீட்டுங்கள். தீபாவளி போனஸோ ஏலச்சீட்டுப் பணமோ கைக்கு வரும் சமயம் இதற்குத் தோது. மீட்ட நகையைச் சங்கத்தில் வைத்து, வருகிற தொகையோடு குறைவதைச் சேர்த்துப் பெரிய சீட்டை மீட்டு அதையும் கொண்டுபோய் வையுங்கள். போகும் முன் மதிப்பீட்டாளர் கட்டணம் எவ்வளவு, கிராமுக்கு எவ்வளவு கடன், வட்டியை எப்போது கட்ட வேண்டும் என்று மூன்றையும் விசாரித்துவிடுங்கள். பலர் தவறுவது மூன்றாவதில்தான். வட்டி குறைவு என்று வருடக்கணக்கில் கட்டாமல் விட்டால் ஏல நோட்டீஸ் வந்து நிற்கும். மாதம் 600 மிஞ்சுகிறதல்லவா, அதையே அசலில் கட்டி வாருங்கள்.

அடுத்தது கரண்ட். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வரப்பு. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கீழே இருக்கும் யூனிட்டுகளின் விலையும் மாறிவிடும். 2022 செப்டம்பர் அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுவோம். 500-க்குள் இருந்தால் முதல் நூறு இலவசம், அடுத்த நூறு யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய், 101-லிருந்தே 400 வரை 4.50 விழும், 500 வரை அதே 6, அதற்கு மேல் 8 ரூபாய். 530 யூனிட்டுக்கு 2,190 ரூபாய். 488 யூனிட்டுக்கு 1,653 ரூபாய். 42 யூனிட் குறைந்தால் 537 ரூபாய் குறைகிறது, அதாவது குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டும் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் பெறும். அதன் பிறகு கட்டணம் மாறியிருக்கிறது, இன்றைய விலையை உங்கள் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 42 யூனிட்டை எங்கே பிடிப்பது? குளிக்கும் தண்ணீரில்தான். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 0.35 யூனிட் ஆகும். ஐந்து பேருக்கு ஐந்து வாளி என்றால் நாளுக்கு ஒன்றே முக்கால் யூனிட், 60 நாளில் 105 யூனிட். இதில் இரண்டு வாளியை மட்டும் கரண்டிலிருந்து எடுத்துவிட்டால் 42 யூனிட் வந்துவிட்டது. சாயங்காலம் குளிக்கிறவருக்கு, காலையிலேயே கறுப்பு டிரம்மில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்தால் போதும். இன்னொருவருக்கு, பின்வாசலில் மூன்று கல் வைத்துத் தென்னை மட்டையிலும் பன்னாடையிலும் அண்டாவைக் காய்ச்சுங்கள். ஹீட்டர் ராடு போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவதுதான் இதில் பெரிய நஷ்டம். தண்ணீர் கொதித்துக் கிடக்கும், குளிக்கிறவர் அரை மணி கழித்து வந்து பச்சைத் தண்ணீர் கலப்பார்.

பழைய 75 வாட் ஃபேன் தினமும் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள், 18 யூனிட்டில் முடியும். ஆனால் ஓடுகிற ஃபேனைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்காதீர்கள், காயில் போகும்போது மாற்றினால் போதும். ஒன்று மட்டும் வாராவாரம் செய்யுங்கள்: ஞாயிற்றுக்கிழமை மீட்டரைப் பார்த்து காலண்டரில் குறித்துவையுங்கள். ஏழாவது வாரம் 430-ஐத் தொட்டுவிட்டால் கடைசிப் பத்து நாள் ராடுக்கு விடுமுறை.

மளிகையில், ரேஷனை முழுதாக வாங்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். "இந்த மாசம் போகட்டும்" என்று விட்டால் அதே பருப்புக்கு வெளியில் மூன்று மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி வாங்கும் வசதியும் வந்தது. களி கிண்டுகிற வீட்டுக்கு அது லாபம்.

பிறகு, நம் ஊரில் விளைவதை அறுவடை சமயத்தில் வருடத்துக்கு வாங்குவது. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தொடங்காதீர்கள், புளியில் தொடங்குங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் மாசி, பங்குனியில் புளி வரத்து இருக்கும். மாதம் அறுநூறு, எழுநூறு கிராம் செலவாகும் வீட்டுக்கு, கொட்டை எடுத்த புளி எட்டு கிலோ வருடம் ஓடும்.

கொட்டையோடு வாங்குவதா, எடுத்ததை வாங்குவதா என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. புளியம்பழத்தில் சதை சுமார் 55 பங்கு, கொட்டை 34, ஓடும் நாரும் 11. ஓடு நீக்கிக் கொட்டையோடு இருக்கும் ஒரு கிலோவில் சதை 600 கிராம் சொச்சம்தான் தேறும். கொட்டைப்புளி கிலோ 100 ரூபாய் என்றால், கொட்டை எடுத்தது 165 ரூபாய் வரை விற்றாலும் விலை ஒன்றுதான். அதற்கும் கீழே கிடைத்தால் கொட்டை எடுத்ததையே வாங்கிவிடுங்கள், மாமியாரின் முதுகாவது தப்பும். அதற்கு மேலே போனால் கொட்டைப்புளி வாங்கித் தட்டிக்கொள்ளலாம்.

கோடை மழையில் நனைந்த புளியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நல்ல புளியை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, ஒரு அடுக்கு புளி, ஒரு கைப்பிடி கல்லுப்பு என்று மண்பானையில் அமுக்கி, துணியால் வாய் கட்டிவையுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அதை அரிக்கும். வேர்க்கடலை மூட்டையைப் பக்கத்தில் வைக்காதீர்கள். கடலையைத் துளைக்கும் வண்டே புளியங்கொட்டையையும் துளைக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். நாள்பட்டால் புளி கறுக்கும். குழம்பு நிறம் மாறுமே தவிர ஒன்றும் ஆகாது.

ராகியை இரண்டாவது வருடம் வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த தானியமாக வைத்தால் வருடக்கணக்கில் கெடாது, பூச்சியும் எளிதில் வராது. மாவாக அரைத்துவிட்டால் சில வாரங்களில் சிக்கு வாடை அடித்துக் கசக்கும், ஆகவே ஒரு தடவைக்கு மூன்று வாரத் தேவைக்கு மேல் அரைக்காதீர்கள். களத்திலிருந்து நேராக வரும் ராகியில் மண் இருக்கும். புடைத்து, கழுவி, காயவைத்தபின் மில்லுக்கு அனுப்புங்கள். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை விழும்போது தொக்கு கிண்டி வைப்பது சேமிப்பு ஆகாது, எண்ணெயும் கேஸும் விழுங்கிவிடும். கெட்டிச் சதையுள்ள தக்காளியை வட்டமாக நறுக்கி, உப்புத் தடவி, வெயிலில் சருகாகக் காயவைத்தால் பதினைந்து கிலோவுக்கு ஒரு கிலோ தேறும். மேகம் போட்ட வாரத்தில் இதைத் தொடாதீர்கள்.

இந்த மொத்தக் கொள்முதலுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினால் மிச்சம் முழுதும் வட்டிக்கே போய்விடும். கரண்ட் பில்லில் குறைந்த பணத்தைத் தனி டப்பாவில் போட்டு வைத்து, மாசியில் எடுத்துப் புளிக்குப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நீங்கள் யோசிப்பது வேண்டாம். நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டுவதால் அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் பல்லில் கறை விழுந்தால் பிறகு மாறாது. சோறும் குழம்பும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன, அதனால் சமையலுக்கும் போர் தண்ணீர் வேண்டாம்.

கேனைக் குறைக்க வழி, ஒகேனக்கல் தண்ணீர். 2013-ல் வந்த அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் கொண்டுவரப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வைத்தால் நாளுக்கு 25 லிட்டர். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் வருகிறது என்றால் மூடி போட்ட 50 லிட்டர் டிரம் இரண்டு போதும். கிருமி பயம் இருந்தால் இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். துணி, பாத்திரம், குளியலுக்குப் போர் தண்ணீர் இருக்கட்டும். உங்கள் போரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அறிய, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். பிடிப்பதற்கு முன் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம்.