செயற்கைக்கோள் மோடத்தின் ஈதர்நெட் அமைப்பு: குரல் ஏன் அறுந்துபோகிறது?

மோடத்தின் ஈதர்நெட் போர்ட் ஒரு கிகாபிட் வேகம் காட்டியும், யாராவது பெரிய கோப்பை அனுப்பத் தொடங்கியதும் தொலைபேசிக் குரல் அறுந்துபோகிறது, எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போர்ட்டின் வேகத்தை மறந்துவிடுங்கள். அது ரவுட்டருக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள கேபிளின் வேகம் மட்டுமே. வானத்துக்குச் செல்லும் பாதை 2 மெகாபிட் என்றால், மிச்சமெல்லாம் மோடத்தின் வரிசையில் காத்துக் கிடக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1500 பைட் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், 500 வரிசையில் நின்றால், கடைசிப் பாக்கெட் வெளியேற 3 விநாடி ஆகும். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருப்பதால் போய்வர ஏற்கெனவே அரை விநாடி செலவாகிறது. அதன்மேல் இந்த 3 விநாடியை எந்த உரையாடலும் தாங்காது.

ஆகவே முதலில் வரிசையின் நீளத்தைக் குறையுங்கள். அடுத்து, குரலுக்குத் தனி முன்னுரிமை வரிசை கொடுங்கள். இணையத் தொலைபேசிகள் பெரும்பாலும் குரல் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி 46 என்ற குறியை இடுகின்றன; மோடம் அதை மதிக்கிறதா என்று சரிபாருங்கள். ரவுட்டரிலேயே அனுப்பும் வேகத்தை 1.8 மெகாபிட்டுக்குள் கட்டுப்படுத்துவதுதான் என் முதல் தேர்வு. அப்போது வரிசை மோடத்தில் அல்ல, ரவுட்டரில் உருவாகும்; அது உங்கள் கைக்குள் வந்துவிடும். ஆனால் மழையில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இணைப்பில் இது மட்டும் போதாது, மோடத்திலும் முன்னுரிமை வேண்டும்.

ஈதர்நெட் ஃப்ளோ கன்ட்ரோலை, அதாவது வரிசை நிரம்பும்போது எதிர்முனையைச் சற்று நிறுத்தச் சொல்லும் வசதியை, அணைத்துவிடுங்கள். அதன் நிறுத்தக் கட்டளை குரலையும் சேர்த்தே நிறுத்திவிடும்.

ஒரே கேபிளில் பல தனி வலையமைப்புகளைப் பிரித்து அனுப்பும் விலேன் பயன்படுத்தினால், பாக்கெட்டைச் சுமக்கும் ஈதர்நெட் உறையான ஃபிரேமின் அதிகபட்ச அளவு 1518 பைட்டிலிருந்து 1522 ஆகும். மோடத்தில் அதற்கும் இடம் கொடுங்கள்.